கம்பளி நூலில் ஒரு கிரீடம்

புனேயில் எங்கள் கிளையில் நகைக்கடன் என் பொறுப்பு. தராசையும் உரைகல்லையும் பார்த்தே நாள் போகும். அதனாலோ என்னவோ, தராசில் வைத்தால் அதிகம் தேறாத ஒரு கிரீடத்தைப் பற்றிப் படித்ததும் மனசு அங்கேயே நின்றுவிட்டது.

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி. இன்றைய பெரு, பொலிவியா பக்கம். சுமார் கி.பி. 500 முதல் 1000 வரை அங்கே வாரி, திவானாகு என்ற இரண்டு அரசுகள் செழித்திருந்தன. அவற்றின் பெரிய மனிதர்கள் அணிந்தது, நான்கு மூலையிலும் கொம்பு போல முனை நீட்டிய சதுரத் தொப்பி. அல்பாகா, லாமா ரோமத்தை நூலாக்கி, முடிச்சு முடிச்சாகப் போட்டுச் செய்வார்கள்.

பின்னால் வந்த இன்கா அரசர்களிடம் தங்கத்துக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் பட்டத்துக்கு அடையாளம் நூல்தான். தலையைப் பலமுறை சுற்றிய 'லியாவுத்து' என்ற வண்ணப் பின்னல் பட்டை. அதிலிருந்து நெற்றியில் தொங்கும் 'மஸ்கபைச்சா' என்ற சிவப்புக் கம்பளிக் குஞ்சம். குஞ்சத்தில் சின்னத் தங்கக் குழாய்கள் கோத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

1532 நவம்பரில் ஸ்பானியர்கள் அதாவல்பாவைப் பிடித்தார்கள். ஓர் அறை நிறையத் தங்கம் வாங்கிக்கொண்டு, 1533ல் கொன்றும் விட்டார்கள். ஆனால் அதே வருடம் மாங்கோ இன்காவை அரசராக்கியபோது, அவர் நெற்றிக்கும் அந்தக் கம்பளிக் குஞ்சம்தான் தேவைப்பட்டது!

சாதாரண ஜனங்களுக்கும் தலையணி உண்டு. ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒரு மாதிரி. பார்த்தவுடன் ஊர் தெரிந்துவிடும். அரசு ஆட்களைக் குடும்பத்தோடு தூர தேசத்தில் குடியமர்த்தும். அவர்களுக்கு 'மித்மாக்' என்று பெயர். போன இடத்திலும் சொந்த ஊர்த் தலையணியை மாற்றக் கூடாது, மாற்றினால் தண்டனை. ஊர்ப்பாசத்தில் போட்ட சட்டம் இல்லை இது. யார் எந்த ஊர் ஆள் என்று அதிகாரிக்குத் தெரிய வேண்டுமே!

1780ல் இரண்டாம் துபாக் அமாரு ஸ்பானிய ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்தார். 1781ல் அவருக்கு மரண தண்டனை கொடுத்த தீர்ப்பிலேயே இன்கா உடைகளுக்கும் மஸ்கபைச்சாவுக்கும் தடை வந்தது. ஓர் அரசு கழற்றாதே என்றது, இன்னோர் அரசு கழற்று என்றது. போட்டிருந்தவனை இருவருமே கேட்கவில்லை.

நானும் மாற்றல் உத்தரவில் ஊர் ஊராகப் போகிறவன்தான். நல்லவேளை, எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று எங்களுக்கு யாரும் உத்தரவு போடுவதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் சிணுங்கும் மகளைப் பிடித்து உட்கார வைத்து, "ழ எழுதும்மா" என்று அதட்டும்போது, நான் அப்பாவா, இன்கா அதிகாரியா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடுகிறது.