ஆற்றிடைத் திட்டு: கொள்ளிடத்து ஊர்களின் வாழ்வும் வருங்காலமும்

முன்னுரை

தீவு என்றதும் நம் மனம் கடலைத்தான் நினைக்கும். கடற்கரையே இல்லாத அரியலூர் மாவட்டத்திலும் தீவு வாழ்க்கை உண்டு. மாவட்டத்தின் தெற்கு எல்லையாக ஓடும் கொள்ளிடம் சில இடங்களில் பிரிந்து மீண்டும் கூடுகிறது. அவ்வாறு ஆற்றின் நடுவே அமைந்த நிலத்தில், திருமானூர் வட்டாரத்தைச் சேர்ந்த மேலராமநல்லூரும் கீழராமநல்லூரும் இருக்கின்றன. வெள்ளக் காலத்தில் நாளிதழ்களில் தலைகாட்டிவிட்டு, தண்ணீர் வடிந்ததும் மறக்கப்படும் ஊர்கள் இவை.

இவ்வூர்களைத் தீவாக்குவது நிலத்தின் அமைப்பு மட்டுமன்று, பருவமும்தான். ஆண்டின் பெரும்பகுதியில் மணலில் நடந்தே ஆற்றைக் கடந்துவிடலாம். சில வாரங்கள் மட்டும் அது கடக்க முடியாத நீராக மாறுகிறது. அந்தச் சில வாரங்களைக் கணக்கில் கொள்ளாமல் தீட்டப்படும் எந்தத் திட்டமும் இவ்வூர்களை முழுமையாக எட்டுவதில்லை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

1. சொல்லும் களமும்

ஆற்று நடுவில் மக்கள் குடியேறுவது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. அத்தகைய நிலத்தைக் குறிக்க ஆற்றிடைக்குறை, துருத்தி, அரங்கம் என்று பல சொற்கள் நம் மொழியில் உள்ளன. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே இருப்பதால்தான் அது திருவரங்கம். தேவாரம் பாடப்பெற்ற குத்தாலத்தின் பழைய பெயர் திருத்துருத்தி.

இன்று கொள்ளிடக்கரை மக்களின் புழக்கத்தில் இருப்பவை திட்டு, படுகை என்னும் இரு சொற்கள். ஆற்றின் கடைப்பகுதியில், மயிலாடுதுறை மாவட்டத்தில் நாதல்படுகை, முதலைமேடுதிட்டு, வெள்ளைமணல் ஆகிய ஊர்களும், கடலூர் மாவட்டத்தில் திட்டுக்காட்டூரும் உள்ளன. மேடான இடம் திட்டு. வண்டல் படிந்த தாழ்நிலம் படுகை. ஒன்று உயிருக்குப் பாதுகாப்பு, மற்றது வயிற்றுக்குச் சோறு. இரண்டும் ஒரே ஊரில் வேண்டியிருப்பதுதான் இங்குள்ள வாழ்க்கையின் சிக்கல்.

பெரம்பலூருக்கும் இந்த ஆற்றோடு உறவு உண்டு. பச்சைமலையில் பிறக்கும் மருதையாறு பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் வழியே வந்து கொள்ளிடத்தில் கலக்கிறது. பெரம்பலூர் நகரத்தின் குழாய்களில் வருவதும் கொள்ளிடத்துத் தண்ணீர்தான். கீழணையிலிருந்து வீராணம் ஏரி வழியாகச் சென்னை வரை இந்த நீர் போகிறது. தொலைவில் இருப்பவர்களின் தாகம் தீர்க்கும் ஆறுதான் தன் மடியில் இருப்பவர்களுக்கு மதிலாகவும் நிற்கிறது.

2. ஆற்றின் நாட்காட்டி

முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடம் அகலமானது, தாழ்வானது. தண்ணீரைத் தடையின்றி விட்டால் அது கொள்ளிடத்தைத்தான் நாடும். காவிரிப் பாசனம் வறண்டுவிடாமல் காக்க, 1836 முதல் 1838 வரை ஆர்தர் காட்டனின் முயற்சியால் மேலணை கட்டப்பட்டது. அதன் பின் காவிரி பாசன ஆறாகவும், கொள்ளிடம் வெள்ளத்தை வடிக்கும் ஆறாகவும் நிலைபெற்றன. 1934இல் மேட்டூர் அணை வந்ததும் இந்தப் பங்கீடு மேலும் இறுகியது. 120 அடி உயரத்துக்கு, 93.47 டி.எம்.சி. நீரை அது தேக்கி வைக்கிறது. பெரும்பாலும் அணை நிரம்பி வழியும்போதுதான் கொள்ளிடத்தில் வெள்ளம்.

ஆகவே திட்டு ஊர்களின் தனிமை முற்றிலும் இயற்கை தந்தது என்று சொல்வதற்கில்லை. டெல்டாவின் வயல்களைக் காக்க மனிதர் வகுத்த ஏற்பாட்டின் மறுபக்கம் அது. ஒரு பகுதியின் செழிப்புக்காக மற்றொரு பகுதி வெள்ளத்தைத் தாங்குகிறது. அதற்கு ஈடு செய்யும் கடமை அரசுக்கு உண்டு என்பதற்கு இதுவே அடிப்படை.

வெள்ளம் இரண்டு பருவங்களில் வருகிறது. ஆடி, ஆவணியில் வருவது தென்மேற்குப் பருவமழையால் மேட்டூர் நிரம்பி வரும் நீர். 2018, 2022 ஆகிய ஆண்டுகளின் வெள்ளங்கள் இவ்வகையின. ஐப்பசி, கார்த்திகையில் வருவது வடகிழக்குப் பருவமழையோடு அமராவதி போன்ற ஆறுகளும் பெருகிக் கூடுவது. 2005 நவம்பர் வெள்ளம் இவ்வகையினது.

முதல் வகையை முன்கூட்டியே அறிய முடியும். ஜூன் 12இல் பாசனத்துக்காக மேட்டூர் திறக்கப்பட்டால், நீர் கல்லணை வந்து சேர மூன்று நான்கு நாட்கள் ஆகின்றன. பெருவெள்ளம் அதைவிட விரைவாக வரும்; என்றாலும் நொடியில் வந்து விழுவதன்று. அணையின் நீர்மட்டம் நாள்தோறும் வெளியிடப்படுகிறது. மேட்டூரின் கணக்கைப் பார்த்தே தன் ஊர் எப்போது தீவாகும் என்று ஓரளவு சொல்லிவிடக்கூடிய அரிய வாய்ப்பு இந்த மக்களுக்கு உண்டு. அந்த வாய்ப்பை நிர்வாகம் முழுமையாகப் பயன்படுத்துவதில்லை.

3. நிலமும் பிழைப்பும்

மாசி மாதக் காலையில் திட்டு ஊருக்குச் செல்லும் தடத்தில் நின்று பார்த்தால் ஊரின் பொருளாதாரம் முழுவதும் கண்முன் வந்துவிடும். மணலில் சக்கரம் புதையாமல் இருக்கக் கரும்புச் சோகையும் தென்னங்கீற்றும் பரப்பியிருப்பார்கள். அதன்மேல் பால் கேன் கட்டிய மொபெட் தடுமாறித் தடுமாறிக் கரையேறும். பின்னாலேயே கத்தரிக்காய்க் கூடையைச் சும்மாட்டின் மேல் ஏற்றிய பெண்கள் வருவார்கள். மணல் சுடுவதற்குள் கரை ஏறிவிட வேண்டும் என்ற வேகம் அவர்கள் நடையில் இருக்கும். ஆவணியில் இதே இடத்தில் தடம் இருக்காது; படகுக்குக் காத்திருக்கும் கூட்டம் இருக்கும்.

படுகை வளமான நிலம். ஒவ்வொரு வெள்ளமும் வண்டலைக் கொண்டுவந்து போடுகிறது. குழாய்க் கிணற்றுக்கு அதிக ஆழம் தேவைப்படுவதில்லை. ஆனால் இங்கு விளைவிப்பதைவிட விளைந்ததைக் கரை சேர்ப்பதுதான் கடினம். காய்கறி காத்திருக்காது. வெட்டிய கரும்பு காயக் காய எடையும் சர்க்கரையும் குறையும். வாழைத் தோப்பில் சில நாட்கள் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். இரு கரையிலும் உள்ள உழவர் விலையைப் பற்றிக் கவலைப்படும்போது, திட்டில் உள்ள உழவர் விலையோடு வழியைப் பற்றியும் கவலைப்பட வேண்டியிருக்கிறது.

இரண்டாவது சிக்கல் நில உரிமை. ஆறு ஒரு பக்கம் அரித்து, மறுபக்கம் சேர்க்கிறது. அரிக்கப்பட்டது பட்டா நிலமாகவும், சேர்ந்தது ஆற்றுப் புறம்போக்காகவும் இருக்கும். புறம்போக்கில் பயிரிடுபவருக்குக் கூட்டுறவுக் கடனும் பயிர்க் காப்பீடும் எட்டாக்கனி. சிட்டா, அடங்கல் இல்லாமல் நிவாரணப் பட்டியலிலும் பெயர் ஏறாது.

மூன்றாவது மணல். கொள்ளிடத்து மணல் தமிழ்நாட்டின் கட்டடங்களாக மாறியிருக்கிறது. மணல் போனால் ஆற்றின் தளம் தாழும். தாழ்ந்தால் கரை சரியும், நிலத்தடி நீர் இறங்கும். 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடத்துக்கான அணையின் ஒன்பது மதகுகள் இடிந்து விழுந்தபோது, அளவுக்கு மீறிய மணல் அள்ளுதலை விவசாயிகள் காரணமாகச் சுட்டினர். திருமானூர் பகுதி மக்கள் மணல் குவாரியை எதிர்த்துப் போராடியதன் பொருளும் இதுதான். திட்டில் வாழ்பவர்களுக்கு மணல் என்பது காலடியில் உள்ள ஊர்.

4. இரு கரைகள்: ஆட்சியும் சந்தையும்

ராமநல்லூர் ஊர்கள் அரியலூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆனால் தென்கரையில் இருப்பது தஞ்சாவூர் மாவட்டத்தின் பாபநாசம் வட்டம். அதற்கு அப்பால் கும்பகோணம். பத்திரமும் சான்றிதழும் வடக்கே, கடையும் கல்யாணச் சேலையும் தெற்கே.

வடகரையில் உள்ள ஆட்சியும் ஓரிடத்தில் நிலைத்து நிற்கவில்லை. 1995இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001 ஜனவரியில் அரியலூர் தனி மாவட்டமானது. 2002இல் மீண்டும் பெரம்பலூரோடு இணைந்தது. 2007 நவம்பர் 23இல் மறுபடியும் பிரிந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் நான்கு முறை இவ்வூர்களின் மாவட்டத் தலைநகரம் மாறியிருக்கிறது. மனுவைக் கையில் வைத்திருப்பவருக்கு இது சாதாரண மாற்றமன்று.

எல்லைக்கோடு சட்டத்திலும் தொடர்கிறது. 2020இல் நிறைவேறிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் ஆகியவற்றையும் கடலூர், புதுக்கோட்டையின் சில வட்டாரங்களையும் உள்ளடக்கியது. அரியலூர் அதில் இடம்பெறவில்லை. தென்கரை வயலுக்கு உள்ள காப்பு, அதே ஆற்றின் வண்டலில் விளையும் திட்டு வயலுக்கு இல்லை.

பாலம் பற்றிய கோரிக்கையையும் இந்த நோக்கில்தான் ஆராய வேண்டும். மதனத்தூருக்கும் நீலத்தநல்லூருக்கும் இடையே பாலம் வந்தபின் ஜெயங்கொண்டமும் கும்பகோணமும் நெருங்கிவிட்டன. அது கரைக்கும் கரைக்கும் இடையிலான பாலம். திட்டு ஊருக்கோ இரண்டு பக்கமும் தண்ணீர். ஆட்சி இருக்கும் பக்கத்தில் வழி அமைந்தாலும், உறவும் சந்தையும் இருக்கும் பக்கத்துக்குப் படகுதான் கதி. பாலத்துக்கு மதிப்பீடு தயாரிக்கும்போது, மக்கள் எந்தத் திசையில் நடக்கிறார்கள் என்பதை முதலில் எண்ண வேண்டும்.

5. பள்ளி, பிரசவம், படகு

2019 ஆகஸ்டில் மேலராமநல்லூரைச் சேர்ந்தவர்கள் சென்ற படகு கொள்ளிடத்தில் கவிழ்ந்து உயிர்கள் பறிபோயின. படகுப் பயணம் இங்கு உல்லாசமன்று, அன்றாடம். அப்படியிருந்தும் பேருந்துக்கு உள்ள தகுதிச் சான்று, ஆட்கணக்கு, காப்பீடு ஆகியவற்றை ஊர்ப் படகுக்கு நாம் வலியுறுத்துவதில்லை.

2021 மே முதல் பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் கிடைக்கிறது. கரையில் நிற்கும் பேருந்துதான் அதன் தொடக்கம். கரை வரை வரும் படகு கணக்கில் இல்லை. 2008இல் தொடங்கிய 108 ஆம்புலன்சும் கரை வரைதான் வரும். 2022 முதல் அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. பெரும் பேறுதான், ஆனால் பிரசவ வலி எடுத்தவருக்கு அந்த மருத்துவமனையின் தூரத்தைத் தீர்மானிப்பது சாலையன்று, அன்றைய நீர்வரத்து.

பள்ளிப் பிள்ளைகளின் இழப்பு இன்னும் நுட்பமானது. காலாண்டுத் தேர்வு வருவது செப்டம்பரில், அரையாண்டுத் தேர்வு டிசம்பரில். இரண்டுக்கும் முந்தைய வாரங்கள் வெள்ளத்துக்குரியவை. நடத்தப்படாத பாடத்திலிருந்து கேட்கப்படும் கேள்விக்கு மாணவர் தோற்கிறார். பதிவேட்டில் அது அவருடைய குறையாகவே நிற்கிறது. உயர்வகுப்புக்கு ஆற்றைக் கடக்க வேண்டிய பெண்பிள்ளையின் படிப்பு நிற்பதற்கு ஒரு வெள்ளக் காலமே போதும்.

இளைஞர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போகிறார்கள். வாய்ப்புள்ளவர்கள் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகிறார்கள். 2022இல் பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் தொழிற்பூங்கா தொடங்கப்பட்டபின் காலணி ஆலை வேலை இப்பகுதிப் பெண்களுக்குப் புது நம்பிக்கையாகியிருக்கிறது. ஆலை வேலைக்கு நாள்தோறும் குறித்த நேரத்தில் சேர வேண்டும். அந்த உறுதியைத் தர முடியாத வழியில் வாழும் பெண், தகுதி இருந்தும் வாய்ப்பை இழக்கிறார்.

6. பிற நிலங்களின் அனுபவம்

பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்ட இந்தோனேசியா, 2014இல் கிராமச் சட்டம் ஒன்றை இயற்றி, 2015 முதல் தேசிய நிதிநிலையிலிருந்து கிராமங்களுக்கு நேரடியாகப் பணம் வழங்குகிறது. படகுத்துறையோ நடைபாதையோ, தனக்கு எது முதலில் தேவை என்பதைக் கிராமமே பேசி முடிவு செய்யலாம். ஒதுக்குப்புறத் தீவுகளுக்கு அரசு மானியத்தில் குறித்த கால அட்டவணைப்படி கப்பல்களும் இயங்குகின்றன. லாபம் இல்லாத தடத்தில் அரசு கப்பல் விடுவது, மலைக்கிராமத்துக்கு நாம் நட்டத்தில் பேருந்து விடுவதைப் போன்றதே.

நம் நாட்டிலும் முன்மாதிரிகள் உண்டு. பிரம்மபுத்திரா நடுவே உள்ள மஜுலியை அசாம் 2016இல் தனி மாவட்டமாக்கியது. அம்மாநிலத்தின் ஆற்றுத் தீவுகளுக்கு 2005 முதல் படகு மருத்துவமனைகள் செல்கின்றன. மேற்கு வங்கத்தில் சுந்தரவனத்துக்கெனத் தனித் துறையே இருக்கிறது. தமிழ்நாட்டில் மலைப்பகுதி என்ற வகைப்பாடு இருப்பதால் மலையூர்களுக்குத் தனிச் சலுகைகள் கிடைக்கின்றன. ஆற்றுத்திட்டு என்று ஒரு வகைப்பாடு இல்லாததால், ராமநல்லூரும் சமவெளியில் நெடுஞ்சாலையோரம் உள்ள ஊரும் ஒரே தட்டில் நிறுக்கப்படுகின்றன.

7. வருங்காலத்துக்கான வழிகள்

முதலாவதாக, கொள்ளிடம் நெடுகிலும் உள்ள திட்டு, படுகை ஊர்களை ஒரே பட்டியலில் சேர்த்துத் தனி வகைப்பாடு தர வேண்டும். மாவட்ட எல்லை இதற்குத் தடையாகக் கூடாது.

இரண்டாவதாக, அரசுப் பணிகளை ஆற்றின் நாட்காட்டியோடு பொருத்த வேண்டும். ஆடிக்கு முன்பே கர்ப்பிணிகளின் பட்டியல் தயாராகி, மலையடிவார நிலையங்களில் உள்ளதுபோல் கரையோர ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பிரசவக் காத்திருப்பு அறை அமைய வேண்டும். இழந்த பாட நாட்களைத் தை, மாசியில் ஈடுகட்ட வேண்டும்.

மூன்றாவதாக, ஊர்ப் படகைப் பொதுப் போக்குவரத்தாக ஏற்க வேண்டும். ஊராட்சியின் பொறுப்பில் பதிவு பெற்ற படகு, மாதச் சம்பளம் பெறும் படகோட்டி, எல்லோருக்கும் மிதவைச் சட்டை, பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் ஆகியவை பெரிய செலவுகள் அல்ல.

நான்காவதாக, திட்டு உழவர் தன் விளைச்சலை எந்தக் கரையில் உள்ள அரசுக் கொள்முதல் நிலையத்திலும் தடையின்றி விற்க வழி வேண்டும். ஐந்தாவதாக, திட்டுகளைச் சுற்றியுள்ள ஆற்றுப்பகுதியில் மணல் அள்ளுவதை நிலையாகத் தடுக்க வேண்டும். மணல் இல்லாமல் போனால் முதல் நான்கு பரிந்துரைகளுக்கும் ஊர் இருக்காது.

முடிவுரை

2011 கணக்கெடுப்பின்படி அரியலூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 7,54,894. அதில் திட்டு ஊர்களின் பங்கு மிகச் சிறியது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இவர்களின் முறை ஒருபோதும் வராது. ஆனால் டெல்டாவின் வெள்ளத்தைத் தங்கள் வாசலில் வாங்கிக்கொள்பவர்கள் என்ற முறையில் இவர்களுக்கு முதல் வரிசையில் இடம் உண்டு.

ஒவ்வோர் ஆண்டும் தண்ணீர் வடிந்தபின், அடித்துச் செல்லப்பட்ட தடத்தில் மீண்டும் கரும்புச் சோகையைப் பரப்பி ஊரார் வழி போடுகிறார்கள். அடுத்த வெள்ளத்தில் அது போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்தே போடும் அந்த வழியின் மறுமுனையில், கரையில், அரசு வந்து நிற்க வேண்டும். வெள்ளம் வரும் நாளைக் குறித்துக்கொண்டு, அதற்கு முன்பே.