ஒரு விலாசம், ஆறு பேர்: குடும்ப இசைச் சந்தாவின் செலவும் நடைமுறையும்

கோட்-டெ-நெய்ஜில், வான் ஹோர்ன் வீதியை ஒட்டிய எங்கள் அடுக்குமாடி வீட்டில் அம்மா காலையில் சமையலறைக்குள் போனால் முதலில் பாட்டு, பிறகுதான் தேநீர். ஒருநாள் பாட்டு இடையில் நின்றது. அம்மா திரும்பப் போட்டார். மறுபடியும் நின்றது. அதே நேரம் டெக்கரி நெடுஞ்சாலையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த தம்பியின் காரிலும் பாட்டு நின்று நின்று வந்திருக்கிறது. இருவரும் பாவித்தது ஒரே கணக்கு. தனிநபர் சந்தாவில் ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் பாட்டு ஒலிக்கும். தாயும் மகனும் கால் மணி நேரமாக ஒருவர் பாட்டை மற்றவர் நிறுத்திக்கொண்டிருந்தார்கள் என்பது மாலையில்தான் எங்களுக்கு விளங்கியது.

அன்றிரவே குடும்பச் சந்தாவுக்கு மாறினோம். மாறும்போது அதன் விதிகளை நாம் வாசிக்கவில்லை. வாசித்திருந்தால் இரண்டு வருடங்களின் பின் வந்த ஓர் இழப்பைத் தவிர்த்திருக்கலாம். அதைப் பின்னர் சொல்கிறோம். முதலில் காசுக் கணக்கு.

ஸ்பொட்டிஃபை கனடாவுக்கு வந்தது 2014 செப்டெம்பரில். அடுத்த மாதமே அந்த நிறுவனம் குடும்பச் சந்தா ஒன்றை அறிவித்தது. ஆனால் அப்போது ஒவ்வொரு மேலதிக ஆளுக்கும் அரைவாசிக் கட்டணம் தனித்தனியே கட்டவேண்டும். 2015 ஜூனில் அப்பிள் மியூசிக் வந்து, ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே கட்டணம், அமெரிக்காவில் மாதம் 14.99 டொலர், என்று சொன்ன பிறகே நிலைமை மாறியது. 2016 மே மாதம் ஸ்பொட்டிஃபையும் அதே விலைக்கு இறங்கியது. யூரியூப் மியூசிக்கிலும் நிர்வாகியுடன் சேர்த்து ஆறு பேர்தான். இந்த 'ஆறு' என்ற எண் எங்கள் வீடுகளை எண்ணி வைத்ததல்ல. அப்பப்பா, அப்பம்மா, அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள் என்றாலே ஒருவர் வெளியே நிற்கவேண்டியதுதான்.

அந்த 14.99 டொலர்க் காலம் போய்விட்டது. 2024இல் நடந்த விலை உயர்வின்படி கனடாவில் ஸ்பொட்டிஃபையின் தனிநபர் சந்தா 12.69 டொலர், இருவர் சந்தா 17.49, குடும்பச் சந்தா 20.99, மாணவர் சந்தா 6.59. அப்பிள் மியூசிக் 2022 ஒக்டோபரில் உயர்த்திய விலைகள் தனிநபருக்கு 10.99, குடும்பத்துக்கு 16.99. விளம்பரத்தில் இந்த எண்கள்தான் இருக்கும். வங்கி அட்டையில் விழுவது வேறு. கியூபெக் மாகாணம் வெளிநாட்டு இணையச் சேவைகளுக்குத் தனது 9.975 வீத விற்பனை வரியை 2019 ஜனவரியிலிருந்து அறவிடுகிறது. 2021 ஜூலையிலிருந்து சமஷ்டி அரசின் 5 வீதமும் சேர்ந்துகொண்டது. ஆகவே 20.99 என்பது மொன்றியலில் 24.13 டொலர், வருடத்துக்கு ஏறக்குறைய 290 டொலர். அப்பிளின் 16.99 என்பது 19.53; வருடத்துக்கு 234 டொலரளவில்.

வீட்டில் இருவர் மட்டும் கேட்பதென்றால் இருவர் சந்தா, வரியுடன் 20.11. தனித்தனியே இரண்டு எடுத்தால் 29.18. மூன்றாவது ஆள் வந்தவுடன் குடும்பச் சந்தாதான் லாபம். நால்வர் கேட்டால் ஆளுக்கு மாதம் 6.03 டொலர், ஆறு பேர் கேட்டால் 4.02. ஆனால் ஆறு இடத்துக்குக் காசு கட்டி இரண்டு பேர் மட்டும் பாவிக்கும் வீடுகளும் உண்டு. பிள்ளைகள் படித்து முடித்துப் போன பிறகும் அதே சந்தா வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். அட்டைக் கணக்கை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

விலை உயர்வுக்குக் காரணம் ஒட்டாவாவின் புதிய சட்டம் என்று எம்மவர் மத்தியிலும் பேச்சு உண்டு. இணைய ஒளிபரப்புச் சட்டம் 2023 ஏப்ரலில் நிறைவேறியது. அதன் கீழ் பெரிய நிறுவனங்கள் கனடிய வருமானத்தில் 5 வீதத்தை உள்நாட்டு ஆக்கங்களுக்குக் கொடுக்கவேண்டும் என்று ஒலிபரப்பு, தொலைத்தொடர்பு ஆணைக்குழு 2024 ஜூனில் கட்டளையிட்டது. நிறுவனங்கள் வழக்குப் போட்டன. அந்த வருட டிசம்பரில் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் கொடுப்பனவை இடைநிறுத்தியது. இந்தச் சட்டம் இல்லாத நாடுகளிலும் விலை ஏறியிருப்பதால் பழி முழுவதையும் இதன்மேல் போடமுடியாது என்பதே எமது எண்ணம்.

இனி முக்கியமான விடயம். இந்தச் சந்தாவில் 'குடும்பம்' என்ற சொல்லுக்கு நாம் கொடுக்கும் பொருள் இல்லை. ஸ்பொட்டிஃபையின் விதிப்படி குடும்பம் என்றால் ஒரே விலாசத்தில் சேர்ந்து வசிப்பவர்கள். அழைப்பை ஏற்கும் ஒவ்வொருவரும் நிர்வாகியின் விலாசத்தையே தமது விலாசமாக உறுதிப்படுத்தவேண்டும். யூரியூபும் ஒரே வீட்டில் வசிக்கவேண்டும் என்கிறது. 30 நாட்களுக்கு ஒருமுறை அதைத் தானாகவே சரிபார்ப்பதாகவும் எழுதி வைத்திருக்கிறது. அப்பிள் ஒரே வீட்டு விலாசத்தை இப்படிச் சரிபார்ப்பதில்லை. ஆனால் எல்லோரது கணக்கும் ஒரே நாட்டில் பதிந்திருக்கவேண்டும். அண்ணன் ரொறன்ரோவில், அக்கா பாரிஸில், சின்னம்மா யாழ்ப்பாணத்தில் என்று இருக்கும் ஒரு குடும்பத்துக்கு இந்த வரைவிலக்கணம் எப்படிப் பொருந்தும்? சகோதரங்கள் ஐந்து பேர் ஐந்து நாட்டில் இருந்தால் நிறுவனத்தின் கணக்கில் ஐந்து குடும்பங்கள். அதேவேளை எந்த உறவும் இல்லாமல் ஒரே வீட்டை வாடகைக்கு எடுத்து இருக்கும் நான்கு மாணவர்கள் தாராளமாக ஒரு குடும்பம்.

இதில் எம்மவர் வழமையாக விடும் பிழைகள் சில.

ஒரே கட்டடத்தில், மூன்றாம் மாடியில் நாங்கள், ஐந்தாம் மாடியில் மாமா வீடு. வீதி இலக்கம் ஒன்று என்பதால் விலாசமும் ஒன்று என்று நினைக்கிறோம். விதி கேட்பது சேர்ந்து வசிப்பதை. கதவு இலக்கம் வேறென்றால் வீடும் வேறு.

ஊரில் உள்ளவர்களைச் சேர்த்துக்கொள்வது இன்னொன்று. ஸ்பொட்டிஃபை இலங்கைக்கு 2021இல்தான் வந்தது. அங்கே விலை ரூபாயில். கனடிய விலையைவிட மிகக் குறைவு. சின்னம்மாவுக்கு எங்கள் சந்தாவில் இடம் கொடுப்பதைவிட அவரே அங்கே எடுப்பது மலிவு, விதிக்கும் உட்பட்டது. மறுபக்கமாக, இலங்கை விலையில் இங்கே பாவிக்க நினைப்பவர்களும் உண்டு. கணக்கின் நாடும் காசு கட்டும் அட்டையின் நாடும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதால் அது நெடுநாள் ஓடாது.

பல்கலைக்கழகத்துக்காக ரொறன்ரோவில் தங்கியிருக்கும் பிள்ளைக்கு மாணவர் சந்தா நல்லது. ஒன்ராறியோ வரி 13 வீதம் சேர்த்து 7.45 டொலர். வருடாவருடம் மாணவர் என்று உறுதிப்படுத்தவேண்டும். நான்கு வருடம் வரைதான் கிடைக்கும்.

பிறகு ஜூலை முதலாம் திகதி. மொன்றியலில் வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஜூன் 30இல் முடிவதால் பாதி நகரம் அன்று வீடு மாறும். மின்சாரம், தபால், இணைய இணைப்பு எல்லாவற்றுக்கும் விலாசம் மாற்றுவோம். பாட்டுச் சந்தா நினைவுக்கு வராது. ஒருவர் பிரிந்து வேறு குடும்பச் சந்தாவில் சேர்வதென்றால் ஸ்பொட்டிஃபையிலும் சரி, யூரியூப் பாவிக்கும் கூகிள் குடும்பக் குழுவிலும் சரி, 12 மாதத்துக்கு ஒருமுறைதான் மாறலாம். கலியாணம் முடித்துப் போகும் மகள் அவசரப்பட்டு ஒரு சந்தாவில் சேர்ந்து, பிறகு கணவர் வீட்டுச் சந்தாவுக்கு மாறமுடியாமல் நிற்பது இதனால்தான்.

எங்கள் இழப்பும் இப்படியொரு வீடு மாற்றத்தில்தான் வந்தது. குடும்பச் சந்தா எடுத்தபோது அம்மாவுக்கு மின்னஞ்சல் இல்லை. தம்பி தன்னுடைய பழைய மின்னஞ்சல் ஒன்றில் அவருக்குக் கணக்குத் திறந்து கொடுத்தான். அம்மா அதில் இரண்டு வருடமாக ஒரு பட்டியல் சேர்த்தார். இலங்கை வானொலியில் கேட்ட நாட்களை நினைத்து நினைத்துத் தேடி எடுத்த நானூறு பாட்டுக்குக் கிட்ட இருக்கும். தம்பி வேலை கிடைத்து ரொறன்ரோ போனபோது பாவனையில் இல்லாத கணக்குகளையெல்லாம் மூடினான். அதில் அம்மாவுடையதும் ஒன்று. நிறுவனத்தில் எந்தப் பிழையும் இல்லை. கணக்கு அவன் பெயரில் இருந்தது, அவன் மூடச் சொன்னான், அவர்கள் மூடினார்கள். நாம் கவனித்தபோது மீட்கும் தவணை கடந்துவிட்டது.

ஆகவே எமது முதல் ஆலோசனை: வீட்டில் உள்ள மூத்தவர்களுக்கு அவர்களது சொந்தப் பெயரில், சொந்த மின்னஞ்சலில் கணக்குத் திறந்து கொடுங்கள். கடவுச்சொல்லை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஸ்பொட்டிஃபையில் நிர்வாகி சந்தாவை நிறுத்தினாலும் உறுப்பினரின் கணக்கு விளம்பரத்துடன் கூடிய இலவசக் கணக்காக மாறுமே தவிர, பட்டியல் அவரிடமே இருக்கும். அப்பிள் மியூசிக்கில் இலவசப் பாவனை இல்லை. சந்தா நின்றால் சேர்த்து வைத்த பாடல்களைக் கேட்க வழியில்லை. பட்டியலை ஒரு சேவையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக் கொடுக்கும் செயலிகள் உள்ளன. தமிழ்ப் பாட்டுகளில் அவை தடுமாறும்; ஒரே பாட்டு ஒரு சேவையில் படத்தின் பெயரிலும் இன்னொன்றில் பாடகரின் பெயரிலும், வேறு வேறு ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் கிடக்கும்.

அப்பிள் பாவிக்கும் பெற்றோருக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே குடும்பப் பகிர்வைத் திறந்து, கொள்வனவுப் பகிர்வையும் அனுமதித்தால், பிள்ளைகள் வாங்கும் விளையாட்டுப் பொருட்களும் ஏற்பாட்டாளரின் அட்டையிலேயே விழும். பிள்ளை வாங்குமுன் அனுமதி கேட்கும் அமைப்பை முதலில் போட்டுவிடுங்கள்.

கட்டணம் கட்டினாலும் பாட்டு எங்களுடையது அல்ல. 2023 மார்ச்சில் ஸ்பொட்டிஃபைக்கும் ஸீ மியூசிக் நிறுவனத்துக்கும் இடையிலான உரிமம் முடிந்தபோது ஏராளமான இந்தியப் படப் பாடல்கள் ஒரே நாளில் பட்டியல்களிலிருந்து மறைந்தன. புதிய உடன்பாட்டின் பின்னரே திரும்பின. இந்தியாவில் விங்க் மியூசிக் 2024இல் சேவையையே மூடியது. ஊருக்குப் போகுமுன் கைத்தொலைபேசியில் இறக்கி வைக்கும் பாட்டுகளும் அப்படித்தான். ஸ்பொட்டிஃபை ஒரு கருவியில் 10,000 பாட்டுவரை இறக்க விடும். ஆனால் 30 நாட்களுக்கு ஒருமுறையாவது இணையத்தில் இணையாவிட்டால் அவை திறக்காது. யாழ்ப்பாணத்தில் இரண்டு மாதம் நிற்பவர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும். இறக்காமல் கேட்டால், சாதாரணத் தரத்தில் மணிக்கு 43 மெகாபைற் அளவில் போகும். அதியுயர் தரத்தில் 144.

மூத்தவர்கள் பழைய பாட்டு மட்டுமே கேட்பார்கள் என்றால் இந்தச் செலவு முழுவதும் தேவையா என்றும் யோசிக்கலாம். சரேகமா நிறுவனத்தின் கார்வான் பெட்டி 2017இல் வந்தது. 5,000 பாட்டுகள் உள்ளேயே பதிந்திருக்கும். தமிழுக்கும் தனிப் பெட்டி உண்டு. ஒருமுறை வாங்கினால் சரி. கடவுச்சொல் கிடையாது, கண் தெரியாதவரும் குமிழைத் திருகிக் கேட்கலாம். பெரியம்மா வீட்டில் அதுதான் ஓடுகிறது, மாதக் கட்டணம் சதமும் இல்லை.

எங்கள் கலைஞர்கள் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு பாட்டை 30 செக்கனாவது கேட்டால்தான் ஸ்பொட்டிஃபை அதைக் கணக்கில் எடுக்கும். 2024இலிருந்து, 12 மாதத்தில் 1,000 தடவை கேட்கப்படாத பாட்டுக்கு ஒரு சதமும் இல்லை. கோடிக்கணக்கில் கேட்கப்படும் சென்னைப் பாட்டுக்கு இது ஒரு பொருட்டல்ல. மொன்றியலிலோ மட்டக்களப்பிலோ இருந்து சொந்தக் காசில் பாட்டு வெளியிடும் ஓர் இளைஞருக்கு 900க்கும் 1,000க்கும் இடையில்தான் எல்லாம் இருக்கிறது. அப்படியானவர்களின் பாட்டைப் பகிரும்போது, வட்ஸ்அப்பில் கோப்பாக அனுப்பாமல் இணைப்பாக அனுப்புங்கள்.

கியூபெக்கில் வசிப்பதால் எமக்குச் சில உரிமைகள் உண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, இலவசக் காலம் முடியும்போது 'வேண்டாம்' என்று நாமாக அறிவிக்காவிட்டால் முழுக் கட்டணம் அறவிடுவோம் என்று ஒரு வியாபாரி நிபந்தனை போடக்கூடாது. மாதாமாதம் தொடரும் சேவையில் விலையை உயர்த்துவதென்றால் குறைந்தது 30 நாட்களுக்கு முன் எழுத்தில் அறிவிக்கவேண்டும். பிடிக்காவிட்டால் தண்டம் இல்லாமல் விலகலாம். அந்த அறிவித்தல் பெரும்பாலும் நிர்வாகியின் மின்னஞ்சலுக்குத்தான் வரும். முறைப்பாடு என்றால் மாகாணத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகம் இருக்கிறது. 

அம்மாவுக்கு இப்போது சொந்த மின்னஞ்சல் இருக்கிறது. பட்டியலை மறுபடி சேர்க்கிறார், இந்த முறை ஒவ்வொரு பாட்டின் பெயரையும் முதலில் கொப்பியில் எழுதி. இருநூற்று அறுபது வரை வந்திருக்கிறது. இலங்கை வானொலியின் மெல்லிசைப் பாட்டுகள் பல எந்தச் செயலியிலும் கிடைக்கவில்லை. அவற்றில் சில, 90களில் ஊரிலிருந்து கொண்டுவந்த ஒலிநாடாக்களில் கீழ்த்தளப் பெட்டியொன்றில் கிடக்கின்றன. வேலை செய்யும் ஒரு பழைய ஒலிநாடாக் கருவியைத் தேடிக்கொண்டிருக்கிறோம். பதிந்தெடுத்தால் ஒரு பிரதி வீட்டில் இருக்கும், இன்னொன்றை நூலக நிறுவனத்தின் ஆவணகத்துக்குக் கொடுக்க நினைத்திருக்கிறோம்.