சாரங்கும் தண்டலும்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் புறநகர் ரெயிலில் பயணம் செய்வோர், அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே எப்போதேனும் கடற்படை வீரர் ஒருவரைக் கண்டிருக்கலாம். கடற்காற்றே எட்டாத இப்பக்கத்தில் மாலுமிக்கு என்ன வேலை என்று வியக்க வேண்டியதில்லை. 1992ஆம் ஆண்டு முதல் அரக்கோணத்தில் 'ராஜாளி' என்னும் கடற்படை விமானத்தளம் இயங்கி வருகிறது. அங்குப் பணிபுரிவோர் சென்னைக்கு வந்து போகும் இருப்புப்பாதை இது.

ஆவடியும் பூந்தமல்லியும் தரைப்படையோடு நெடுநாள் பழகிய ஊர்கள். பூந்தமல்லி வெள்ளையர் காலத்துப் படைவீடு. ஆவடி இரண்டாம் உலகப் போரின்போது பெரும் படைத்தளமாக விளங்கியது. ஆதலால் ஹவில்தார், சுபேதார் என்னும் பட்டங்கள் இவ்வூர்களுக்குப் புதியன அல்ல. ஆனால் ஹவில்தாருக்கு இணையான கடற்படைப் பதவியின் பெயர் என்ன? 'பெட்டி ஆபீசர்'. நாயப் சுபேதாருக்கு இணையானவர் 'சீஃப் பெட்டி ஆபீசர்'. சுபேதாருக்கும் சுபேதார் மேஜருக்கும் இணையானோர் 'மாஸ்டர் சீஃப் பெட்டி ஆபீசர்' என்ற பெயரில் இருவகையினர். 'பெட்டி' என்பது சிறிய என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் திரிபு. தமிழ்க் காதுக்கு அது வேறொரு பொருளைத் தருவதை எண்ணி நாம் சிரித்துக் கொள்ளலாம். தரைப்படை, நாட்டில் வழங்கிய பழம்பெயர்களை இன்றுவரை காத்து வைத்திருக்கிறது. கடற்படையோ அவற்றை இழந்து நிற்கிறது. இழந்த பெயர்கள் யாவை?

அக்பர் காலத்து அறிஞர் அபுல் ஃபஸல், பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய 'அயினி அக்பரி'யில் கப்பற் பணியாளர் பன்னிரு வகையினரை வரிசைப்படுத்துகிறார். கப்பலின் தலைவர் நாகுதா. ஆழமும் மேடும் அறிந்து, விண்மீன் கண்டு வழி நடத்துபவர் முஅல்லிம். கலாசிகளின் தலைவர் தண்டேல். கப்பலைக் கரைசேர்ப்பதையும் கடலில் இறக்குவதையும் மேற்பார்த்து, வேண்டும்போது முஅல்லிமின் பணியையும் ஏற்பவர் சர்ஹங். சுக்கான் பிடிப்பவரும், சரக்குக் கணக்கெழுதும் கர்ரானியும், பண்டகக் காப்பாளரான பண்டாரியும் அவ்வரிசையில் உண்டு.

இச்சொற்களுள் பல நம் வீடுகளுக்குள்ளேயே இருக்கின்றன என்பதை வாசகர்கள் இதற்குள் உணர்ந்திருப்பார்கள். நம் மதரஸாக்களில் முஅல்லிம் என்றால் ஆசிரியர். அரபுக் கடலோடிகளிடையே வழிகாட்டும் வல்லுநரைக் குறித்த அச்சொல்லே தமிழில் 'மாலுமி' ஆயிற்று. மலேயாத் தோட்டங்களில் நம்மவர் அஞ்சிய 'கிராணி' அந்தக் கர்ரானியே. கலியாண வீட்டில் தேக்சாவின் அருகில் நின்று அதிகாரம் செலுத்தும் பண்டாரியின் பெயரும் அவ்வரிசையில் உள்ளதே. தண்டேல் தமிழில் 'தண்டல்' என்றும் 'தண்டையல்' என்றும் வழங்கினார். ஈழத்து வல்வெட்டித்துறையில் தோணித் தலைவனுக்குத் தண்டையல் என்பதே பெயர். துறைமுகம் கட்டப்படுவதற்கு முன், சென்னைக் கரையின் கொந்தளிக்கும் அலைகளினூடே மசூலாப் படகுகளை நீண்ட துடுப்பால் திசைதிருப்பி வந்தவரும் தண்டலே. அவர் பெரும்பாலும் மீனவ சமுதாயத்தவர். எனவே இப்பட்டங்களை ஒரு சமயத்தாரின் தனியுடைமை என்று எவரும் கருத வேண்டா. இச்சொற்களுள் பல அரபியிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் வந்தவை. சுமந்தவர்கள் எல்லாச் சமயத்தாரும்.

இனி இப்பட்டங்கள் எவ்வாறு சிறுமையுற்றன என்பதைக் காண்போம். பாரசீகத்தில் 'சர்ஹங்' என்றால் படைத்தலைவன். இன்றும் ஈரானியப் படையில் கர்னலுக்கு அதுவே பெயர். அச்சொல் 'சாரங்கு' எனத் திரிந்து ஆங்கிலேயர் கப்பலில் ஏறியபோது, மேல்தளத்துக் கூலியாட்களின் மேஸ்திரியைக் குறிக்கலாயிற்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்பிரிவு 1612ஆம் ஆண்டில் தோன்றியது. அது பம்பாய்க் கடற்பிரிவு, இந்தியக் கடற்படை, இராயல் இந்தியன் மரைன் என்று பெயர் மாறி மாறி வந்தது. அதில் ஓர் இந்தியர் ஆணை பெற்ற அதிகாரியானது 1928ஆம் ஆண்டில்தான். அவர் பொறியியற் பிரிவைச் சேர்ந்த டி. என். முகர்ஜி. முந்நூற்றுப் பதினாறு ஆண்டுகள்! அத்தனை காலமும் ஓர் இந்தியர் அங்கே எட்டக்கூடிய உயரம், ஆணை பெற்ற அதிகாரிக்குக் கீழே முடிந்து போயிற்று.

அந்தப் படியில் நின்றவர் செய்த பணி சிறிதன்று. ஆட்களைத் திரட்டுபவர் சாரங்கு. அவர்களுடைய வீட்டுக்கு முன்பணம் போய்ச் சேர வழிசெய்பவரும் அவரே. அதிகாரியின் கட்டளையை ஆட்களின் மொழியில் மாற்றிச் சொல்வதும், ஆட்களின் குறையை அதிகாரியின் காது பொறுக்கும் அளவுக்குத் தணித்துச் சொல்வதும் அவர் கடமை. வெள்ளிச் சங்கிலியில் தொங்கும் ஊதல் அவருடைய அதிகாரச் சின்னம். அவர் பேசிய கப்பல்மொழியே தனி. இந்துஸ்தானியும் அரபும் பாரசீகமும் போர்ச்சுக்கீசியமும் அதில் கலந்திருந்தன. இறக்கு என்பதற்கு அவர்கள் சொன்ன 'ஆரியா' போர்ச்சுக்கீசியச் சொல். அம்மொழியை அறியாமல் கப்பல் நடத்த இயலாதென்று கண்டு, சென்னைப் படையைச் சேர்ந்த தாமஸ் ரோபக் என்னும் அதிகாரி 1811ஆம் ஆண்டில் அதற்கோர் அகராதியே வெளியிட்டார். சாரங்குகளுள் ஆட்களின் ஊதியத்தில் பங்கு பறித்தவர்களும், கடனில் அவர்களை அழுத்தி வைத்தவர்களும் உண்டு. நம்மவர் என்பதற்காக அதை மறைப்பது வரலாறாகாது. ஆயினும் மேலே செல்லும் வாயில் அடைக்கப்பட்டிருந்த இடத்தில், இடைப்படியில் நிற்பவன் கீழே நிற்பவனிடம் கைநீட்டியதில் வியப்பில்லை. 1823ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டம், ஆசியக் கப்பலாட்கள் மன்னரின் குடிகளேயாயினும் பிரிட்டிஷ் மாலுமிகளாகக் கருதப்பட மாட்டார்கள் என்று விதித்திருந்தது.

1934ஆம் ஆண்டில் இராயல் இந்தியக் கடற்படை உருவானது. பதவிகளும் உடையும் மரபுகளும் ஆங்கிலக் கடற்படையின் அச்சில் வார்க்கப்பட்டன. சாரங்கும் தண்டலும் வணிகக் கப்பல்களோடு நின்றுவிட்டனர். பெயர் மாறியது, படி மாறவில்லை. அதை 1946 பிப்ரவரி காட்டியது.

அம்மாதம் 18ஆம் நாள், பம்பாயில் 'தல்வார்' என்னும் செய்தித்தொடர்புப் பயிற்சிநிலையத்தில் மாலுமிகள் உணவை மறுத்து வேலை நிறுத்தம் தொடங்கினர். மோசமான உணவும், அதிகாரிகளின் வசைமொழியும், வெள்ளை மாலுமிக்கும் தமக்கும் இடையிலிருந்த ஊதிய வேற்றுமையும் அவர்களைக் கொதிக்கச் செய்திருந்தன. மத்திய வேலைநிறுத்தக் குழுவின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் லீடிங் சிக்னல்மேன் எம். எஸ். கான், துணைத்தலைவர் பெட்டி ஆபீசர் மதன் சிங். ஒரு முஸ்லிமும் ஒரு சீக்கியரும். இருவரும் பழைய தண்டலும் சாரங்கும் நின்ற அந்த இடைப்படிக்காரர்கள். கட்டளையை மேலிருந்து கீழே கொண்டுசென்று பழகியவர்கள், அன்று குறையைக் கீழிருந்து மேலே கொண்டு சென்றார்கள். இம்முறை தணித்துச் சொல்லவில்லை. கப்பல்களில் காங்கிரஸ், முஸ்லிம் லீக், கம்யூனிஸ்டுக் கொடிகள் ஒன்றாகப் பறந்தன. சென்னையிலும் 'அடையாறு' கரைநிலையத்து மாலுமிகள் சேர்ந்து கொண்டனர். சர்தார் படேலின் அறிவுரையை ஏற்று 23ஆம் நாள் அவர்கள் பணிந்தார்கள். பின்னர் நூற்றுக்கணக்கானோர் வேலையிழந்தனர்.

இப்பழங்கதையை இப்போது நாம் கிளறுவதற்குக் காரணம் உண்டு. 2023 டிசம்பர் 4ஆம் நாள், கடற்படை நாள் விழா சிந்துதுர்க்கத்தில் நடந்தது. கடற்படைப் பதவிகளுக்கு இந்திய மரபுக்கு ஏற்பப் பெயரிடப்படும் என்று பிரதமர் அங்கே அறிவித்தார். நல்ல அறிவிப்பே. ஆங்கிலப் பெயர் போகட்டும். ஆனால் இந்தியக் கடல்மரபு என்று தேடப் புகுவோர், அகராதியிலிருந்து புதுச்சொல் புனையப் போகிறார்களா, அன்றி உப்புநீரில் ஊறிய சொற்களைக் கேட்கப் போகிறார்களா? அரபு, பாரசீக வேர் உடையது என்பதனாலேயே ஒரு சொல் அந்நியமாகிவிடும் என்றால், மாலுமி என்ற தமிழ்ச்சொல்லையும் சுக்கான் என்பதையும் நாம் எங்கே கொண்டு போய்ப் போடுவது?

விழா நடந்த சிந்துதுர்க்கக் கடற்கோட்டையை எழுப்பியவர் சத்ரபதி சிவாஜி. அவருடைய கடற்படைத் தலைவர்களுள் ஒருவர் தௌலத்கான். மற்றொருவரை வரலாறு அவருடைய பட்டத்தாலேயே அறிகிறது; அப்பட்டம் 'தரியா சாரங்', அதாவது கடலின் சாரங்கு. அச்சொல் இன்னும் சாகவில்லை. கேரளத்து நீர்வழிகளில் படகு செலுத்துபவருக்கு இன்றும் 'ஸ்ராங்கு' என்றே பெயர்; அதற்கு அரசாங்கம் தேர்வு வைத்துத் தகுதிச் சான்றும் வழங்குகிறது.