கல்வெட்டிலிருந்து கோழிப்பண்ணை வரை

விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையே மண்டகப்பட்டு என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைந்த குகைக்கோயில் இருக்கிறது. செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பு இல்லை... இப்படி ஒரு கோயிலை மும்மூர்த்திகளுக்கு எடுத்தவன் விசித்திரசித்தன் என்று கல்வெட்டில் பொறித்து வைத்தான் மன்னன்.

இன்றைய பேட்டன்ட் மனுவிலும் ஏறக்குறைய இதைத்தான் எழுதுகிறார்கள். இதில் என்ன புதுசு, செய்தது யார்? ஒரே ஒரு வரிதான் மன்னன் எழுதாதது: 'என் அனுமதி இல்லாமல் வேறு யாரும் இப்படிச் செய்யக் கூடாது!'

அந்த ஒரு வரிக்காக கோழி விஷயத்தில் ஒரு வழக்கு நடந்தது.

கம்போரோ என்றால் நாமக்கல் பண்ணைக்காரர்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் அந்தப் பெயருள்ள ஊர்ப் பக்கம் முதலில் தெரியவந்த கோழி நோய். கோழியின் வால் பக்கத்தில் 'பர்சா' என்று ஒரு சிறு உறுப்பு உண்டு. ரத்தத்தில் நோயை எதிர்க்கும் புரதங்களைச் சுரக்கும் செல்கள் உருவாவது அங்கேதான். வைரஸ் குறிவைப்பதும் அதையே. காவல் நிலையத்தையே கொளுத்துகிற திருடன் மாதிரி! தடுப்பூசி பிடித்ததா என்று பார்க்கவும் கோழியின் ரத்தத்தை எடுத்து அந்தப் புரத அளவைத்தான் சோதிக்கிறார்கள்.

இந்த நோய்க்கு உயிருள்ள வைரஸைக் கொண்டு தடுப்பூசி தயாரிக்கும் முறைக்கு, டிமினாகோ என்ற சுவிஸ் கம்பெனி இந்தியாவில் காப்புரிமை கேட்டது. அலுவலகம் மறுத்தது. முடிவில் கிடைப்பது உயிருள்ள பொருள், அதை 'உற்பத்தி' என்று எப்படிச் சொல்வது என்பது அவர்கள் வாதம். கம்பெனி கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2002 ஜனவரியில் தீர்ப்பு. விற்கக்கூடிய பொருள் கிடைக்கிறதல்லவா? அதில் உயிர் இருக்கிறது என்பதற்காக முறையை நிராகரிக்கச் சட்டத்தில் இடமில்லை, மனுவை மறுபடி பரிசீலியுங்கள் என்றது கோர்ட்.

எண்ணெயைத் தின்னும் பாக்டீரியாவை உருவாக்கி, 1980-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இதே மாதிரி வழக்கில் வென்ற ஆனந்த சக்கரவர்த்தியும் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் படித்தவர்தான்!

சரி, நோயைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனைக்கு? 2002-ல் திருத்திய சட்டம், நோயறியும் முறைகளுக்குக் காப்புரிமை கிடையாது என்றது. மனிதனுக்கும் சரி, மாட்டுக்கும் சரி. 'நோயறிதல்' எதுவரை என்ற சண்டை மட்டும் ஓயவில்லை. கர்ப்பிணியின் ரத்தத்தைச் சோதிக்கும் முறை பற்றிய வழக்கு ஒன்று சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. உடம்புக்கு வெளியே, லேபில் செய்யும் சோதனைக்கும் இந்தத் தடை பொருந்தும்; ஆனால் அந்தச் சோதனையே நோயைக் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்று 2023-ல் கோடு கிழித்தது கோர்ட்.

கேட்க வக்கீல் சண்டை மாதிரி இருக்கும். கோடு ஒரு விரற்கடை நகர்ந்தால், சோதனைக்குப் பண்ணைக்காரர் கொடுக்கும் காசும் நகரும்.