காரின் முதுகில் ஏறிய வீடு

கார் கூரைமேல் கூடாரம் போட்டுத் தூங்கும் வழக்கம் ஐரோப்பாவில் பரவியதில் இத்தாலிக்குப் பெரும் பங்கு உண்டு. ‘மஜ்ஜோலினா’ கூடாரம் 1958-இல் அங்கேதான் பிறந்தது.

கிழக்கு ஜெர்மனியின் கதை நெஞ்சைத் தொடுவது. விடுமுறைக்கு விடுதி அறை எளிதில் கிடைக்காத நாடு அது. வெறும் 26 குதிரைத்திறன் கொண்ட டிராபன்ட் காரின் தலையிலும் கூடாரத்தை ஏற்றிக்கொண்டு மக்கள் உற்சாகமாகக் கிளம்பினார்கள்.

மேலே படுக்கலாம், சரி. மழையில் சமைக்கவும் உடை மாற்றவும் எங்கே போவது? அதற்குத்தான் முன்பந்தல். விளிம்பில் கயிறு வைத்துத் தைத்த துணியை, கூடாரத்தின் ஓரத்திலுள்ள அலுமினியக் காடியின் ஒரு முனையில் நுழைத்து, மறுமுனைவரை மெல்ல இழுக்க வேண்டும். இடுக்கில் நீர் எளிதில் ஒழுகாது. கம்புகளில் ஒன்றைத் தாழ்த்திச் சரிவு கொடுக்காவிட்டால் மட்டும் நீர் தேங்கித் துணி தொங்கிவிடும்.

டிரெய்லர்மேல் ஏறிய இன்றைய கூடாரங்கள் பலவற்றிலும் இந்தக் கயிறும் காடியும்தான் பந்தலைப் பிணைக்கின்றன.