பழைய கணினியின் உயிரைப் புதிய கணினிக்குள் குடியேற்றுவது எப்படி?

பூச்சோங் கடை வரிசைகளிலும் பட்டறைகளிலும் விண்டோஸ் எக்ஸ்பி அல்லது விண்டோஸ் 7 போட்ட கணினிகளைக் காண்பது இன்னமும் அரிதல்ல. கணக்கு மென்பொருள் அதில்தான் இருக்கிறது. நிறுவிக் கொடுத்தவர் எங்கே என்று தெரியாது, குறுவட்டும் காணோம். வணிகக் கணக்குகளை 7 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்கிறது வருமான வரிச் சட்டம். பெட்டி பழுதானால் என்ன செய்வது? 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

பொது இயக்கங்களுக்கும் இதே நிலைதான். யூனிகோட் பரவுவதற்கு முன் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து, பேஜ்மேக்கரில் பக்கம் அமைத்த கோயில் மலர்களை எழுத்துரு மாற்றியால் மட்டும் மீட்க முடியாது. அந்த மென்பொருளே வேண்டும்.

இதற்கு ஒரு வழி, வன்தட்டில் உள்ள இயங்குதளம், மென்பொருள், கோப்பு அனைத்தையும் ஒரே கோப்பாகப் படியெடுத்து, புதிய கணினிக்குள் ஒரு சாளரத்தில் ஓடவிடுவது. இதுவே மெய்நிகர்க் கணினி. மைக்ரோசாப்டின் டிஸ்க்2விஎச்டி எனும் இலவசக் கருவி, கணினி இயங்கிக்கொண்டிருக்கும்போதே படியெடுத்துவிடும். எக்ஸ்பிக்கு அதன் பழைய பதிப்பு தேவைப்படும்.

படியை வெளி வன்தட்டில் சேமிக்க வேண்டும். அது என்டிஎப்எஸ் முறையில் இருக்கட்டும். ஃபேட்32 முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு நிற்காது. பிட்லாக்கர் பூட்டு இருந்தால் முதலில் நிறுத்திவிட்டு, மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விர்ச்சுவல்பாக்ஸில் திறப்பதாக இருந்தால், விஎச்டிஎக்ஸ் என்ற தெரிவை நீக்கி விஎச்டி வடிவத்திலேயே எடுப்பது நல்லது.

பலர் சிக்கிக்கொள்வது இதற்குப் பிறகுதான். புதிய கணினியில் திறந்ததும் நீலத் திரையும் 7பி என்ற பிழை எண்ணும் வரும். படி கெட்டுவிட்டதாக நினைத்து மறுபடியும் எடுக்க வேண்டியதில்லை. இயங்குதளம் தனக்குப் பழக்கமில்லாத வன்தட்டு இணைப்பைக் கண்டு தடுமாறுகிறது, அவ்வளவே. அமைப்பில் சாட்டா என்பதை ஐடிஇ என மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். மூலக் கணினி யூஇஎப்ஐ வகையாக இருந்தால் இஎப்ஐ தெரிவையும் இயக்க வேண்டும்.

உரிமம் வேறு கதை. கணினியோடு சேர்த்து விற்கப்பட்ட விண்டோஸ் உரிமம் அந்த வன்பொருளோடு கட்டுண்டது; மெய்நிகரில் மீண்டும் உரிமச் சான்று கேட்கும். கணக்கு மென்பொருளின் யூஎஸ்பி சாவியைச் சாளரத்துக்குள் இணைத்துவிடலாம். பழைய அச்சுப்பொறித் துளையில் செருகும் சாவி என்றால் சிரமம்தான்.

எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும் பாதுகாப்பு ஆதரவு நின்றுவிட்டது. ஆகவே மெய்நிகர்க் கணினியின் இணைய இணைப்பைத் துண்டித்தே வைத்திருங்கள். ஒரு மாதக் கணக்கையாவது அதில் முடித்து, ரசீது ஒழுங்காக அச்சாகிறதா என்று பார்க்கும்வரை பழைய பெட்டியை இரும்புக் கடைக்கு அனுப்ப வேண்டாம்.