தோலைத் தூக்கிப் போடாதே!

பொங்கலுக்கு முதல் நாள் திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குள் நுழைந்து பாருங்கள். கரும்புக்கட்டு, மஞ்சள்கொத்து இவற்றுக்கு நடுவே மண் ஒட்டிய சர்க்கரைவள்ளிக் கிழங்கு குவிந்து கிடக்கும். பொங்கல் கூட்டில் அது விழாவிட்டால் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பண்டிகையே கிடையாது. உருளைக்கிழங்கை 'இங்கிலீஷ் காய்' என்று ஒதுக்கிய என் பாட்டி, சர்க்கரைவள்ளியை மட்டும் நாட்டுக்காய் லிஸ்ட்டில் சேர்த்துவிட்டாள்.

வேடிக்கை என்னவென்றால், இரண்டுக்குமே பூர்வீகம் அமெரிக்கக் கண்டம்தான். 1492-ல் கொலம்பஸ் அங்கே போய் இறங்கிய பிறகு, ஐரோப்பியர்களின் கப்பலேறி நம் பக்கம் வந்த விருந்தாளிகள் இவை. ஒரு விருந்தாளி வீட்டுப் பிள்ளையாகிவிட்டது, அவ்வளவுதான்.

பாட்டி எதையும் வீணாக்க மாட்டாள். பீர்க்கங்காய்த் தோல் துவையலாகும். வாழைக்காய்த் தோலைப் பொடியாக நறுக்கி உளுத்தம்பருப்போடு வதக்கி அம்மியில் வைப்பாள். நான் பி.காம். படித்தபோது 'ஸ்க்ராப் வேல்யூ' என்றொரு பாடம் வந்தது. அட, இது பாட்டி சமாசாரமாச்சே என்று தோன்றியது.

ஆனால் சர்க்கரைவள்ளித் தோல் மட்டும் வாசலுக்கு வரும் மாட்டுக்குப் போய்விடும். அதையும் விடாதவர்கள் ஜப்பானியர்கள். கொஞ்சம் சதையோடு சீவிய தோலைப் பத்து நிமிஷம் தண்ணீரில் போட்டுக் கறை நீக்கி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்து, சர்க்கரையும் துளி உப்பும் கறுப்பு எள்ளும் சேர்த்துப் புரட்டினால் நொறுக்குத்தீனி ரெடி. வீணாகிறதே என்ற ஆதங்கத்தைச் சொல்ல 'மொத்தைனை' என்று ஒரு வார்த்தையே வைத்திருக்கிறார்கள். 2005-ல் ஜப்பான் போன கென்யாவின் நோபல் பரிசுக்காரர் வங்காரி மாத்தாய், அந்த வார்த்தையில் சொக்கிப்போய் உலகமெங்கும் பரப்பினார்.

இந்தச் சிக்கனம் எங்கிருந்து வந்தது? பசியிலிருந்துதான்.

சீனாவிலிருந்து 1605-ல் ரியூக்யூ தீவுகளுக்கு வந்த கிழங்கு, மெல்ல ஜப்பானின் தென்கோடியான சட்சுமாவுக்குப் பரவியது. 1732-ல் மேற்கு ஜப்பானில் பூச்சி விழுந்து நெல் பாழாகிப் பெரும் பஞ்சம். கிழங்கு விளைந்த ஊர்களோ ஓரளவு தப்பித்தன. உடனே ஷோகன் யோஷிமுனே, அயோகி கொன்யோ என்ற அறிஞரிடம் பொறுப்பை ஒப்படைத்தார். 1735-ல் இன்றைய டோக்கியோவில் அவர் கிழங்கைப் பயிரிட்டுக் காட்டினார். மெகுரோவில் உள்ள அவர் கல்லறைக்குப் பெயரே 'கிழங்கு வாத்தியார் கல்லறை'!

ஊரைக் காப்பாற்றிய கிழங்குக்கு மறுபடி வேலை வந்தது இரண்டாம் உலகப் போரில். அங்கேதான் ஜப்பான் கதையும் நம் கதையும் முட்டிக்கொள்கின்றன.

1942 மார்ச்சில் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தது. அதுவரை ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கும் மேல் இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றுபோனது. அப்போது பாட்டிக்குப் பன்னிரண்டு வயது. "ஜப்பான்காரன் பர்மாவைப் பிடிச்சான், எங்காத்துல சாதம் குறைஞ்சுது" என்று அந்த உலக யுத்தத்தை ஒரே வரியில் முடித்துவிடுவாள். காவிரிக்கரையிலேயே இந்த நிலைமை.

பிடித்தவர்களாவது வயிறாரச் சாப்பிட்டார்களா? அதுவும் இல்லை. டோக்கியோவில் 1941-லேயே ஆளுக்கு ஒரு நாளைக்கு 330 கிராம் அரிசி என்று ரேஷன் வந்துவிட்டது. பள்ளிக்கூட மைதானங்களைக் கொத்திக் கிழங்கு நட்டார்கள். போர் முடிந்தும் பசி தீரவில்லை. நாடாளுமன்றக் கட்டடத்துக்கு எதிரேகூடக் கிழங்குப் பாத்தி போட்டார்கள்.

இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் மலேயாவிலும் சிங்கப்பூரிலும் இருந்த தமிழர்கள். திருச்சி, தஞ்சை ஜில்லாக்களிலிருந்து பிழைக்கப் போனவர்கள் அங்கே ஏராளம். ஜப்பானியர் ஆண்ட 1942 முதல் 1945 வரை அரிசி அபூர்வப் பொருள். ஜப்பானியர் அச்சடித்த வாழைமரப் படம் போட்ட நோட்டுக்கு மதிப்பே இல்லாமல் போயிற்று. மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும்தான் சோறு. சர்க்கரைவள்ளியின் கீரையைக்கூட விடவில்லை. இன்று திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து அதே சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் விமானங்கள் பறக்கின்றன. ஏறுகிறவர்களில் எத்தனை பேருடைய தாத்தா பாட்டி அந்தக் கிழங்கில் உயிர் பிழைத்தார்களோ!

அதனால்தான், தோல் சமையலை இன்று புது ஃபேஷன்போல யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்போடு கொஞ்சம் வருத்தமும் வரும். நமக்கு அது விருப்பம். அவர்களுக்கு வேறு வழி இல்லை.

போன பொங்கலுக்கு எங்கள் வீட்டில் அந்தத் தோல் வறுவலைச் செய்து பார்த்தோம். தட்டு ஐந்தே நிமிஷத்தில் காலி. "இன்னும் இருக்கா?" என்று கேட்டாள் மகள்.

1942-ல் பாட்டியும் இதே கேள்வியைக் கேட்டிருப்பாள். பதில்தான் வேறு.